மாதேவி போன வழி

கண்ணு,

உன் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன். தபாலில் வந்த அன்றே பிரித்தேன், முடிக்கத்தான் ரொம்ப நாளாயிற்று. இந்த மாதிரிக் கதை நான் படித்ததே இல்லை. மேகத்துக்கு மேலே ஒரு நகரம், அந்த நகரத்துக்கு விளக்கு செய்வதற்காகக் கீழே ஒரு கோட்டை, கோட்டைக்குள் மலையிலிருந்து வண்டி வண்டியாகக் கொண்டுவரப்படும் இளம்பெண்கள் என்று நீ ஆரம்பித்தபோது, இது வயசுப் பிள்ளைகளுக்கான கதை, நமக்குப் புரியாது என்றுதான் நினைத்தேன். மூன்றாவது அத்தியாயத்தில் கோட்டை வாசலில் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வரும் ஒவ்வொரு பெண்ணின் தொண்டையிலிருந்தும் குரலை நூல் மாதிரி இழுத்து, கண்ணாடிக் குப்பியில் அடைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டுகிறாள். சிரித்த முகம். இடுப்பில் சாவிக்கொத்து. “பத்திரமா இருக்கும் தாயி, போகும்போது வாங்கிக்கலாம்” என்கிறாள். குரல்காப்பாள் என்று அவளுக்குப் பேர் வைத்திருக்கிறாய். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன். தெருவில் தண்ணீர் லாரிக்காரன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போனது காதில் விழவில்லை. அன்றைக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை.

இதை நீ மட்டும் படித்தால் போதாது என்று நினைக்கிறேன். உன் கதையைப் படித்து உனக்கு எழுதுகிற பெண்பிள்ளைகளும் படிக்கட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். மாதேவி என்பது நீ மாற்றி வைத்த பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன். மற்றவர்கள் பெயரையும் மாற்றியிருக்கிறேன். ஊர்ப்பெயர் சிலவற்றைச் சொல்லமாட்டேன். ஏன் என்பது போகப்போக உனக்கே தெரியும்.

உன் அப்பா போன பிறகு நாகரசம்பட்டியில் மாங்காய் சீசனுக்கு மட்டும் கூலிக்குப் போய் உன்னை வளர்க்க முடியாது என்று தெரிந்தது. பன்னிரண்டாவது வரைக்கும் படித்திருந்தேன். ஓசூரில் சர்க்யூட் போர்டு செய்கிற ஒரு கம்பெனி, வேலை செய்யும் பெண்களுக்காக மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஹாஸ்டல் நடத்தியது. வார்டன் வேலை, தங்க ஓர் அறை, இரண்டு பேருக்கும் சாப்பாடு. அதைவிட என்ன வேண்டும்? திருவண்ணாமலை, சிவகங்கை, பாலக்கோடு, அஞ்செட்டி என்று எங்கெங்கிருந்தோ பெண்கள் வந்தார்கள். ஷிப்டுக்குக் கம்பெனி பஸ், ஷிப்டு முடிந்தால் கம்பெனி பஸ். அவர்களுடைய போன் எல்லாம் நம் அறையிலிருந்த இரும்பு அலமாரியில் இருக்கும். சாயங்காலம் அரை மணி நேரம் கொடுப்பேன். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்த அலமாரியில் சாய்ந்துகொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதுவாய். உள்ளே ஒரு போன் நடுங்கினால் தட்டு நடுங்கும், தட்டு நடுங்கினால் அலமாரியே முனகும். “அம்மா, யாரோட அம்மாவோ கூப்புடறாங்க” என்பாய். “கூப்புடட்டும். சாயங்காலம் பேசிக்குவாங்க” என்பேன். உன் புத்தகத்தில் குப்பிகள் பகலெல்லாம் முனகிக்கொண்டே இருக்கின்றன என்று எழுதியிருப்பதை, கற்பனை நன்றாக இருக்கிறது என்று யாரோ பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு அது கற்பனையாகப் படவில்லை.

மாதேவி இரண்டாவது மாடி. அஞ்செட்டிக்கும் உள்ளே, காட்டை ஒட்டிய ஊர். வீட்டில் கன்னடம், வெளியே தமிழ். வரும்போது பத்தொன்பது வயது. ஹாஸ்டலில் எல்லாப் பெண்களும் உன்னைக் கொஞ்சுவார்கள், ஆனால் நீ ஒட்டிக்கொண்டது அவளிடம்தான். கேழ்வரகுக் கொல்லைக்கு யானை வந்தால் எப்படித் தகரத்தைத் தட்டி விரட்டுவார்கள் என்று அவள் சொல்லச் சொல்ல நீ வாயைத் திறந்தபடி கேட்பாய். யானை கோபம் வந்தால் போடுகிற அடிவயிற்றுச் சத்தத்தை அவள் அப்படியே போடுவாள், டைனிங் ஹாலில் தட்டுகள் அதிர்கிற மாதிரி இருக்கும். பெண்கள் சிரிப்பார்கள். “ஏய், அடங்குடி, கீழ செக்யூரிட்டி ஓடியே வந்துருவாரு” என்று நானும் சிரித்துக்கொண்டே அதட்டுவேன். உன் கதையில் வருகிற மலைப்பெண், குரலில்லாமல் போன பிறகும் அடிவயிற்றால் யானைமொழி பேசுகிறாளே, அவளைப் பார்த்ததும் எனக்கு யாரென்று தெரிந்துவிட்டது. அவள் தப்பிக்கப் பார்க்கிறாள். குரல்காப்பாள் வேட்டைக்காரர்களைக் கூப்பிட்டு, அவளுடைய குப்பியை அவர்கள் கையில் கொடுக்கிறாள். ஒரு சின்னப் பெண் தூணுக்குப் பின்னாலிருந்து அதைப் பார்க்கிறாள். அந்தச் சின்னப் பெண்தான் பெரியவளாகிக் கோட்டையை உடைக்கிறாள்.

கண்ணு, நீ பார்த்ததைத்தான் எழுதியிருக்கிறாய். பொய் ஒன்றும் இல்லை. நீ பார்க்காதது கொஞ்சம் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஞாயிறென்றால் பெண்களுக்கு மத்தியானம் வரை அவுட்டிங் உண்டு. எல்லாரும் டைனிங் ஹாலில் தலைவாரிக் கிளம்பி நிற்கிறார்கள், நீ மாதேவியின் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். அப்போது மேனேஜர் போன் செய்தார். “செகண்ட் ஃப்ளோர் மாதேவியோட ஃபாதரும் மாமாவும் மத்தியானம் வர்றாங்க மேடம். மேரேஜ் ஃபிக்ஸ் ஆயிருக்காம். அவள அவுட்டிங் விடாதீங்க. ஒப்படைச்சிட்டு ஒரு கையெழுத்து வாங்கிக்கங்க.” பெண்ணை அப்பா அம்மாவிடம் மட்டும்தான் ஒப்படைக்க வேண்டும், அப்பா அம்மா கேட்டால் ஒப்படைத்தே ஆக வேண்டும், அதுதான் விதி. நான் வந்து, “மாதேவி, நீ மட்டும் நில்லு” என்றேன். நீ அவள் விரலை விடவில்லை. “பாப்பா, நீ இந்த அக்காங்களோட போயிட்டு வா” என்று உன்னைப் பிரித்து அனுப்பினேன். வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாய்.

“யாரு வர்றாங்கக்கா?” என்று கேட்டாள்.

“உங்கப்பா. உங்க மாமனும் வர்றாராம். கல்யாணம்னு சொன்னாங்க. நல்ல சமாச்சாரந்தானேடி?”

அவள் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். “பேடக்கா, பேடக்கா” என்றாள். வேண்டாம் அக்கா, வேண்டாம். அப்புறம் மெதுவாகத் தமிழில் சொன்னாள். “அந்த மாமனோட மொத பொண்டாட்டிய நான்தான் குளிப்பாட்டுனேன். கெணத்துல உழுந்துட்டான்னாங்க. கெணத்துல உழுந்தவளுக்குக் கழுத்துல எதுக்குக்கா அச்சு இருக்குது? நான் கேக்கப் போனேன், எங்கம்மா என் வாயப் பொத்திடுச்சு. அந்த ஊட்டுக்கு நான் போவணுமா?”

நான் எழுந்து கேட் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். இதில் வீரம் எதையும் தேடாதே. நம் அறை, உன் பள்ளிக்கூடம், இரண்டு பேர் சாப்பாடு, இதெல்லாம்தான் அந்த நடையில் என் தலைக்குள் ஓடியது. அவள் அழுதிருந்தால் ஒப்படைத்திருப்பேன் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். அழுகிற பெண்களைச் சமாளித்து எனக்குப் பழக்கம். அவள் அழவில்லை. இரண்டு கையையும் சுடிதார்த் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள், ஈரம் போகாத மாதிரி. அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டிய கை.

என் பச்சைப் புடவையைக் கட்டிவிட்டேன். சுடிதாரில் போனால் அடையாளம் தெரியும். கொண்டையைப் போட்டு, தலையில் முக்காடு இழுத்துவிட்டேன். காய்கறி இறக்குகிற பின்வாசலின் சாவி என்னிடம்தான் இருந்தது. “அத்திப்பள்ளி வந்துட்டா கர்நாடகா. அப்படியே தும்கூர் போயிரு. மூணாவது மாடில இருந்தாளே ஸ்டெல்லா, அவ அங்க கார்மெண்ட்ஸ்ல இருக்கா. அட்ரஸ் சொல்றேன், எழுதிக்காத, மனசுல வெச்சுக்க” என்றேன். அவள் ஒருதரம் திருப்பிச் சொன்னாள். அப்புறம் கையை நீட்டி, “போனக் குடுங்கக்கா” என்றாள்.

“போன் வேணாம். அது இருந்தா நீ எங்க இருக்கறேன்னு கண்டுபுடிச்சிருவாங்க.”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் போன மாதம்தான் புரிந்தது. கதவைத் திறந்தேன். போய்விட்டாள்.

மத்தியானம் அவளுடைய அப்பாவும் மாமனும் ஒரு சின்ன லோடு வண்டியில் வந்தார்கள். காலையிலேயே அவுட்டிங் போனவள் திரும்பவில்லை, நீங்கள் போன் செய்வதற்குள் கிளம்பிவிட்டாள் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் ஆபீஸ் அறையில் அவர்களை உட்காரவைத்து ஏதேதோ பேசினார். மாமன் என்னைப் பார்த்து, “போனாவது குடு” என்றான். அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரத்தில்தான் நீ வாசலுக்குள் வந்தாய். போனை நான் அவன் கையில் வைத்ததையும், தார்ப்பாய் போட்ட வண்டி வேகமாகக் கிளம்பியதையும் பார்த்தாய். “மாதேவிக்கா எங்கம்மா?” என்றாய். “அவங்கப்பா கூட்டிட்டுப் போயிட்டாரு” என்றேன். உன் கையில் அவளுக்கென்று வாங்கிவந்த கலர் மிட்டாய் இருந்தது. அதற்கப்புறம் நீ என்னிடம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்தப் பொய்யை மேனேஜரும் சொல்லச் சொன்னார். “ஒருத்தி போன வழியில பத்துப் பேரு போவாங்க மேடம். அப்பா வந்து கூட்டிட்டுப் போயிட்டாருன்னே சொல்லிடுங்க. இனிமே யாருக்கும் அவுட்டிங் கெடையாது.” பின்வாசலுக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்தது நான்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஹார்டுவேர் கடையில் பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கினேன். ஒருத்தியை வெளியே விட்டேன், மற்ற எல்லாரையும் உள்ளே வைத்துப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் மாடிக் கம்பிகளுக்கு வெளியே கையை விட்டுக்கொண்டு ரோட்டைப் பார்த்து நிற்பார்கள். உன் கோட்டையின் சாளரங்களில் ஏழாம் நாள்தோறும் கைகள் முளைக்கின்றன என்று படித்தபோது, அந்தக் கைகளில் இருந்த ரப்பர் வளையல்கூட எனக்கு ஞாபகம் வந்தது.

சில நாள் கழித்து மெடிக்கல் கடை போனிலிருந்து ஸ்டெல்லாவுக்குப் பேசினேன். “யாரும் வரலியேக்கா” என்றாள். அடுத்த வாரமும் அதையே சொன்னாள். அடுத்த மாதமும். தீபாவளிக்குப் பேசியபோது அவளே, “அக்கா, இனிமே அவ வரமாட்டா போல” என்றாள்.

அங்கிருந்து ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டில் பச்சைப் புடவை கட்டி யார் முதுகைக் காட்டி நின்றாலும் சுற்றிப்போய் முகத்தைப் பார்ப்பேன். ஒருநாள் பேப்பரில், ரயில் பாதை ஓரம் அடையாளம் தெரியாத பெண், பச்சைப் புடவை என்று போட்டிருந்தது. குந்தாரப்பள்ளியில் ஒரு கல்யாணம் என்று உன்னிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரென்று கேட்டார்கள், தங்கச்சி காணவில்லை என்றேன். துணியை விலக்கிக் காட்டினார்கள். மாதேவி இல்லை. வேறு யாரோ, வயதில் மூத்தவள். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவள் பக்கத்தில் நின்றுகொண்டே விட்டேன். அந்தப் பெண்ணுக்கும் யாராவது இப்படி வந்து பார்த்தார்களா என்று பிறகுதான் தோன்றியது. திரும்பி வந்து, உன்னைத் தொடுவதற்கு முன்னால் ஹாஸ்டல் குழாயடியிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டேன். “கல்யாணத்துல என்னம்மா குடுத்தாங்க?” என்று ஓடிவந்தாய். நீ கேட்பாய் என்று தெரியும். பஸ் ஸ்டாண்டில் ஒரு லட்டு வாங்கி வைத்திருந்தேன். பாதி தின்றுவிட்டு, “நீ சாப்புட்டியாம்மா?” என்று மீதியை என் வாயில் வைத்தாய். தின்றேன். அந்த ருசியை என்னால் இன்னும் துப்ப முடியவில்லை.

நீ வளர்ந்த பிறகாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நான்தான் அனுப்பினேன் என்று சொன்னால், எங்கே என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. அப்பா கூட்டிப்போனார் என்ற கதைக்கு ஒரு முடிவாவது இருந்தது. நீ என்னை வெறுப்பதற்கு அது போதுமானதாகவும் இருந்தது. பத்தாவதில் ஒருநாள், உன் போனை வாங்கி வைத்ததற்காக, “நீ வார்டனாவே பொறந்தவம்மா” என்று கத்தினாய். அன்றைக்கும் வாய் வரைக்கும் வந்து நின்றது. விழுங்கிவிட்டேன். ஒரு தாய் தன் பிள்ளையிடம் நல்லவளாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, செத்தாளோ பிழைத்தாளோ தெரியாத ஒரு பெண்ணை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது என்று அப்போது தோன்றியது. அது சரியா தப்பா என்று இப்போதும் தெரியவில்லை.

உன் புத்தகத்தின் கடைசி வரைக்கும் போன பிறகுதான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். ‘திரும்பி வராத மாதேவிக்கு’ என்று சமர்ப்பணம் செய்திருந்தாய். நீயும் இத்தனை வருஷம் அவளைத் தேடியிருக்கிறாய். ஒரே அறையில் படுத்துக்கொண்டு, இரண்டு பேரும் ஒருத்தியையே தேடியிருக்கிறோம், ஒருவருக்கொருவர் சொல்லாமல். அடுத்த வாரமே அஞ்செட்டிக்குப் பஸ் ஏறினேன். அவள் ஊருக்குப் போய்க் கேட்கவேண்டும் என்று அதுவரை எனக்குத் தைரியம் வந்ததில்லை. போனால் செத்துவிட்டாள் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

தேன்கனிக்கோட்டையில் பஸ் மாறி, அஞ்செட்டியில் இறங்கி, அங்கிருந்து ஜீப். அப்புறம் நடை. விசாரித்ததில் அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை, தங்கச்சி இருக்கிறாள் என்றார்கள். வீட்டைக் காட்டினார்கள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி வாசலில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். மாதேவியின் அதே நெற்றி. ரத்னா என்று வைத்துக்கொள்வோம். ஓசூரில் மாதேவி இருந்த ஹாஸ்டலில் வார்டனாக இருந்தவள் நான் என்றேன். முறம் நின்றது.

“அக்கா செத்துப் போச்சுங்க” என்றாள். “எங்களுக்கு அவ்ளோதான் தெரியும்.”

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். “நான்தாம்மா அவள அனுப்புனேன். என் பச்சப் பொடவையக் கட்டி நான்தான் பின்வாசல் வழியா அனுப்புனேன்” என்று என்னையறியாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். “பொடவைல என்ன பூவு?”

“மஞ்சப் பூ. முந்தானையில ஒரு எடத்துல அயர்ன் பாக்ஸ் சுட்ட ஓட்டை.”

எழுந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவை ஒருக்களித்தாள். “அக்கா இருக்குது” என்றாள்.

டீ வைத்துக் கொடுத்தாள். இடது மணிக்கட்டு அவளுக்குச் சரியாக மடங்கவில்லை. டம்ளரை வலது கையாலேயே எடுத்து, வலது கையாலேயே கழுவி, வலது கையாலேயே நீட்டினாள். பேசப் பேசத்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. மாதேவி தும்கூருக்குப் போகவே இல்லை. அத்திப்பள்ளியில் இறங்கி, முதலில் வந்த வேறு ஏதோ பஸ்ஸில் ஏறி, எங்கோ ஓர் ஊரில் பட்டுநூல் எடுக்கிற இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். இன்னும் அந்த வேலைதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. “தும்கூருக்கு ஏன் போவல?” என்று கேட்டேன். ரத்னா சொல்லத் தயங்கினாள். பரவாயில்லை சொல் என்றேன்.

“வார்டன் அக்கா போனப் புடுங்கி வெச்சிக்கிட்டு ஒரு அட்ரஸ் குடுத்துச்சு. போன் இல்லாத பொண்ண, தெரியாத ஊருக்கு, ஒரு அட்ரஸுக்கு அனுப்புனா அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதான்னு அக்கா கேக்குங்க.”

என்னை நம்பாததால் அவள் அந்த அட்ரஸுக்குப் போகவில்லை. அவள் போகாததால் நான் இத்தனை வருஷம் பிணவறை வரைக்கும் தேடினேன். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, கண்ணு. காலையில் எந்தக் கை அவளை அவுட்டிங் போகாமல் நிறுத்தியதோ, அந்தக் கைதான் கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்தது. அவள் எதை நம்புவாள்?

“அன்னிக்கு அப்பா வெறுங்கையா வந்தாருங்க” என்று ரத்னா தொடர்ந்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. “பந்தல் போட்டாச்சு, ஒறமொற எல்லாம் வந்தாச்சு. அதனால மணையில என்ன உக்கார வெச்சிட்டாங்க.” அவளுக்கு அப்போது பதினேழு. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். “நீங்க எதுக்கு அழுவறீங்க? நீங்க அனுப்பலன்னா அக்கா உக்காந்திருக்கும். யாரோ ஒருத்தி உக்காந்துதான் ஆவணும்னு இருந்துச்சு.” புருஷன் மாடு வாங்கச் சந்தைக்குப் போயிருந்தான். அது என் அதிர்ஷ்டம்.

ராகிக் குதிருக்குள் கையை விட்டு ஒரு சின்னப் போனை எடுத்தாள். அது அவளிடம் இருப்பது அவனுக்குத் தெரியாது. “அக்காகிட்ட பேசுங்க. சந்தோசப்படும்” என்று நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தாள். மணி போனது. பின்னால் மெஷின் இரைச்சல். “ரத்னா, சொல்லு” என்று குரல். அதே குரல்தான், கொஞ்சம் கனத்திருந்தது.

“மாதேவி, நான் ஹாஸ்டல் அக்கா பேசறேன்.”

இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம், “அக்கா, ரத்னாவ ஒண்ணும் பண்ணிடாதீங்க. நான் வந்துடறேன். எங்க வரணும்னு சொல்லுங்க, வந்துடறேன்” என்றாள்.

முப்பதைத் தாண்டிய பெண். வேறு மாநிலம், சொந்தச் சம்பளம், தனி வீடு. என் குரலில் நாலைந்து வார்த்தை கேட்டதும் பத்தொன்பது வயதுக்குப் போய் நின்றுவிட்டாள். உன் கதையில் குப்பிகளை உடைத்ததும் குரல்கள் பறவை மாதிரி அவரவர் தொண்டைக்குத் திரும்பிவிடுகின்றன. படிக்கிற பெண்களுக்கு அது வேண்டும், அதை மாற்றாதே. ஆனால் உடைந்த பிறகும் குரல்காப்பாளின் சத்தம் அவர்கள் காதுக்குள் இருக்கும் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ரத்னா போனைப் பிடுங்கிக் கன்னடத்தில் படபடவென்று பேசினாள். நான் வெளியே மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். உள்ளே அழுகையும் அதட்டலும் கேட்டது, கடைசியில் சிரிப்பும் கேட்டது.

ரத்னா வெளியே வந்தாள். “அந்தப் பாப்பா எப்படி இருக்குதுன்னு அக்கா கேக்குது. அதுகிட்ட பேசுதாம். உங்ககிட்ட...” என்று நிறுத்தினாள்.

“வேணாம்மா. எனக்குப் புரியுது.”

“நம்பர் எழுதித் தரட்டுங்களா?”

“எனக்கு வேணாம். எம்பொண்ணு வருவா. அவகிட்ட குடு.”

கிளம்பும்போது கேட்டேன், “நீ என்கூட வந்துடறியா ரத்னா?” அவள் சிரித்தாள். அக்கா மாதிரியே சிரிப்பு. “நான் எங்க வர்றது? பெரியவ எட்டாவது படிக்கறா. இப்பவே அவரு தூரத்து ஒறவுல ஒரு பையன்னு பேச ஆரம்பிச்சிட்டாரு. அவளத்தான் எங்கியாவது அனுப்பணும்.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். பையை இறக்காமல் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

புத்தக வெளியீட்டுக்கு ஏன் வரவில்லை என்று போனில் கோபித்துக்கொண்டாய். இப்போது காரணம் தெரிந்திருக்கும். குரல்காப்பாளை நல்லவளாக்கி அடுத்த பதிப்பில் ஒரு வரி சேர்க்கவேண்டும் என்று உனக்குத் தோன்றினால், வேண்டாம். அவள் அப்படியே இருக்கட்டும். எனக்காக நீ செய்யவேண்டியது வேறு. அந்த ஊருக்குப் போ. வழியையும், ரத்னாவின் புருஷன் வீட்டில் இல்லாத நாளையும் உனக்குத் தனியாகச் சொல்கிறேன். நான் கூட வரமாட்டேன். மாதேவியிடம் நீ பேசு, எத்தனை நேரம் வேண்டுமானாலும் பேசு, என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். அப்புறம் அந்த எட்டாவது படிக்கிற பெண்ணிடம் உட்கார். படிக்கவைக்கலாம், நல்ல இடம் பார்க்கலாம், சென்னைக்கு உன்னோடு கூட்டிப்போகலாம் என்றெல்லாம் உனக்குத் தோன்றும், நல்ல எண்ணம்தான். சொல்வதற்கு முன்னால் அவளைக் கேள், எங்கே போகணும் என்று. சட்டென்று பதில் வராது, பொறுத்திருந்து கேள். நான் மாதேவிக்குப் புடவை கட்டிவிட்டேன், கதவைத் திறந்தேன், பஸ் சொன்னேன், ஊர் சொன்னேன், அட்ரஸ் சொன்னேன். அவளை அதை மட்டும் கேட்கவே இல்லை.

அம்மா